சூத்திரத்துக்கும் தேதி போடுங்கள்

நம் நாட்டில் தேதி இல்லாத காகிதத்துக்கு மரியாதை கிடையாது. தாலுகா ஆபீஸில் மனு கொடுத்தால் முதலில் விழுவது தேதி முத்திரை. தபால் கவரில் முத்திரை, செக்கில் தேதி, மாத்திரை அட்டையில் தயாரித்த தேதி, காலாவதித் தேதி என்று இரண்டு. பிற்பாடு தகராறு வந்தால் தேதிதான் பேசும் என்பது நமக்குத் தலைமுறை தலைமுறையாகப் பழகிய விஷயம். ஆனால் நம் வட்டியையும் சம்பளத்தையும் மின் கட்டணத்தையும் கணக்குப் போடும் கம்ப்யூட்டர் சூத்திரங்களைப் பார்த்து, "உன்னைக் கடைசியாக யார், எப்போது மாற்றினார்கள்?" என்று கேட்டால் பல சூத்திரங்களிடமிருந்து பதில் வராது.

இது கம்ப்யூட்டர்காரர்களின் தனிப்பட்ட கவலை என்று நினைத்துவிட வேண்டாம். சேமிப்புக் கணக்கு வட்டியையே எடுத்துக்கொள்வோம். 2010 மார்ச் 31 வரை, மாதத்தின் 10ம் தேதியிலிருந்து கடைசித் தேதி வரை கணக்கில் இருந்த மிகக் குறைந்த தொகைக்குத்தான் அந்த மாத வட்டி. 2010 ஏப்ரல் 1 முதல் ஒவ்வொரு நாளின் இருப்புக்கும் வட்டி கணக்கிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி மாற்றியது. அப்போது வட்டி விகிதம் 3.5 சதவீதம். 31 நாள் கொண்ட ஒரு மாதத்தில் 30 நாள் உங்கள் கணக்கில் 10,000 ரூபாய் இருக்கிறது. 15ம் தேதி ஒரே ஒரு நாள் மட்டும் 1,000 ரூபாயாகக் குறைகிறது. பழைய முறைப்படி வட்டி 2 ரூபாய் 92 பைசா. புதிய முறைப்படி 28 ரூபாய் 86 பைசா. பணம் அதே, விகிதம் அதே. மாறியது சூத்திரம் மட்டும்.

இப்போது ஒரு கற்பனை. ஏதோ ஒரு வங்கியில் அந்தச் சூத்திரத்தை ஏப்ரல் 1க்குப் பதிலாக 5ம் தேதி மாற்றினார்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வரவு, செலவு ஒவ்வொன்றுக்கும் லெட்ஜரில் தேதி இருக்கிறது, நேரம்கூட இருக்கிறது. அவற்றையெல்லாம் பெருக்கி வகுத்த சூத்திரம் எந்தத் தேதியிலிருந்து இப்படி இருக்கிறது என்பதற்கு என்ன சாட்சி?

கம்ப்யூட்டர் மொழியில் இந்தச் சூத்திரத்துக்கு ஃபங்ஷன் என்று பெயர். கல்யாண மண்டப ஃபங்ஷன் அல்ல. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வந்து, கொடுத்த எண்களை வாங்கி, ஒரு வேலையைச் செய்து, விடையைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிற சின்ன ப்ரோக்ராம். ஒரு பெரிய சாஃப்ட்வேர் என்பது இப்படி ஆயிரக்கணக்கான ஃபங்ஷன்கள் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டிருக்கும் கூட்டுக்குடும்பம்.

இவற்றை இயந்திரத்துக்குப் புரியவைக்க இரண்டு வழிகள். ஒன்று, கம்பைலர். புத்தகம் முழுவதையும் மொழிபெயர்த்து அச்சடித்துக் கொடுத்துவிடும். திருத்தம் இருந்தால் புதிய பதிப்புதான் போட வேண்டும். இன்னொன்று, இன்டர்ப்ரெட்டர். வெள்ளைக்காரத் துரைக்குப் பக்கத்தில் நின்ற துபாஷி மாதிரி, வாக்கியம் வாக்கியமாகக் கேட்டு அங்கேயே சொல்லும். இதில் பெரிய சௌகரியம், பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு ஃபங்ஷனைத் திருத்தலாம். ஆபத்தும் அதுவேதான். மேடையில் தலைவர் முதல் பக்கத்தை வாசித்துக்கொண்டிருக்கும்போது மூன்றாவது பக்கத்தை யாரோ உருவிவிட்டு வேறு ஒன்றைச் செருகியதைப் போல, திருத்தம் சத்தமில்லாமல் நடந்து முடிந்துவிடும்.

ஃபைலுக்குத்தான் தேதி இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது, அதன் உபயோகமும் பெரியது. 1976ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீவ் ஜான்சன் என்ற நிபுணர், சரியாகவே இருந்த ஒரு ப்ரோக்ராமில் தப்பு எங்கே என்று காலை முழுவதும் தேடினார். தப்பை ஏற்கனவே திருத்தியாகிவிட்டது. ஆனால் திருத்திய ஃபைலை மறுபடி கம்பைல் செய்யவில்லை. ஓடிக்கொண்டிருந்தது பழைய சரக்கு. அவர் கோபத்தோடு வந்து புலம்பியதைக் கேட்டவர் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன். அவருக்கும் முந்தின நாள் மாலை அதே அனுபவம். அதன் விளைவாக அவர் எழுதியதுதான் 'மேக்' என்கிற சாதனம். மூல ஃபைலின் தேதியையும் அதிலிருந்து உண்டான ஃபைலின் தேதியையும் ஒப்பிட்டு, மூலம் புதியதாக இருந்தால் அதை மட்டும் மறுபடி தயாரிக்கும். இத்தனை எளிய யோசனைக்கு 2003ல் ஏசிஎம் என்ற கம்ப்யூட்டர் அமைப்பின் விருது கிடைத்தது. இன்றைக்கும் 'மேக்' உலகெங்கும் உழைக்கிறது.

ஆனால் ஒரு ஃபைலுக்குள் 200 ஃபங்ஷன்கள் இருக்கலாம். ஃபைலின் தேதி, "இந்தத் தெருவில் நேற்று மாலை யாரோ ஒருவர் நுழைந்தார்" என்று மட்டும் சொல்லும். எந்த வீட்டுக்குள் போனார் என்பது தெரியாது. இன்னொரு பலவீனமும் உண்டு. ஃபைலைத் திறந்து, ஒரு எழுத்துகூட மாற்றாமல் மறுபடி சேமித்தாலும் தேதி புதுசாகிவிடும்.

ஃபைலே இல்லாத மொழிகளில் சிக்கல் இன்னும் கூர்மையானது. ஏபிஎல் என்று ஒரு மொழி. கனடாவில் பிறந்த கென்னத் ஐவர்சன் ஹார்வர்டில் கணிதக் குறியீடாக ஆரம்பித்து, 1962ல் புத்தகமாக எழுதி, 1966ல் ஐபிஎம் கம்ப்யூட்டரில் உயிர்பெற்றது. 1979ல் ஐவர்சனுக்கு டூரிங் விருது. ஏபிஎல்லில் ஃபங்ஷன்களும் எண்களும் ஒரே பெட்டியில் கிடக்கும்; பெட்டிக்கு வொர்க்ஸ்பேஸ் என்று பெயர். இன்டர்ப்ரெட்டருக்குள் உட்கார்ந்தபடியே ஃபங்ஷனை எழுதலாம், திருத்தலாம், ஓட்டலாம். கடைசியில் பெட்டியை அப்படியே சேமித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். மறுநாள் திறந்தால், பெட்டி எப்போது சேமிக்கப்பட்டது என்ற நேரம் வரும். உள்ளே எந்தச் சாமான் எப்போது மாறியது என்று வெளியிலிருந்து சொல்ல ஆள் இல்லை. ஃபைல் முறைக்கு அந்தப் பெட்டி ஒரே மூட்டை. ஆகவே அதைச் சொல்ல வேண்டிய பொறுப்பு இன்டர்ப்ரெட்டர் தலையில் விழுந்தது.

அது நியாயமும்கூட. மாற்றம் நடக்கும்போது பக்கத்தில் இருப்பது இன்டர்ப்ரெட்டர் ஒன்றுதான். 1980களில் வந்த ஐபிஎம்மின் ஏபிஎல்2 மொழியில், ஒரு ஃபங்ஷனின் பெயரைச் சொல்லிக் கேட்டால் அது கடைசியாக நிலைநிறுத்தப்பட்ட நேரத்தை ஏழு எண்களாகக் கொடுக்கும்: வருடம், மாதம், நாள், மணி, நிமிடம், விநாடி, ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி. இங்கிலாந்தின் டயலாக் ஏபிஎல் இன்னும் ஒரு படி மேலே போய், கடைசியாகத் திருத்தியவரின் பெயரையும் சொல்கிறது. அதாவது எப்போது என்பதோடு யார் என்பதும்.

கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த மொழிகளும் இதே ஞானத்தை வேறு வழியில் அடைந்தன. இன்டர்லிஸ்ப், எந்தெந்த ஃபங்ஷன்கள் மாறின என்று தானே கவனித்துக்கொண்டு, சேமிக்கும்போது ஃபைலின் தலைப்பிலேயே பட்டியல் எழுதிவிடும். ஸ்மால்டாக், செய்கிற ஒவ்வொரு திருத்தத்தையும் தனி ஃபைலில் வரிசையாக எழுதிக்கொண்டே போகும். 1996ல் வந்த அதன் வாரிசான ஸ்க்வீக், திருத்துகிறவரின் இனிஷியலைக் கேட்டு வாங்கி, தேதியோடும் நேரத்தோடும் முத்திரை குத்தும். பழைய வடிவங்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கலாம். நம் ஆபீஸ் ஃபைலில் குறிப்பு எழுதி, கீழே சுருக்கெழுத்துக் கையெழுத்தும் தேதியும் போடுவார்களே, அதன் கம்ப்யூட்டர் வடிவம்.

இதைச் செய்வது கஷ்டமா என்றால், முதல் பாதி சுலபம். ஒவ்வொரு இன்டர்ப்ரெட்டரும் தன்னிடம் உள்ள ஃபங்ஷன்களுக்கு ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. பெயர், உள்ளடக்கம் என்று இருக்கும் கட்டங்களோடு நேரம் என்று ஒரு கட்டம் சேர்க்க வேண்டும். ஃபங்ஷன் புதிதாக எழுதப்படும் ஒவ்வொரு தடவையும் கடிகாரத்தைப் பார்த்து அதை நிரப்ப வேண்டும். சில வரி வேலை. கஷ்டமெல்லாம் 'மாற்றம்' என்றால் என்ன என்ற கேள்வியில் ஆரம்பிக்கிறது.

அதே ஃபங்ஷனை அட்சரம் பிசகாமல் மறுபடி எழுதினால் அது மாற்றமா? உள்ளே இருக்கும் விளக்கக் குறிப்பில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினால்? வேறு பெட்டியிலிருந்து காப்பி செய்து கொண்டுவந்தால், அது முதலில் பிறந்த தேதியைப் போடுவதா, இங்கே குடிவந்த தேதியைப் போடுவதா? அழித்துவிட்டு அதே பெயரில் வேறு ஒன்றை எழுதினால் அது பழைய ஃபங்ஷனின் திருத்தமா, புதிய பிறப்பா? ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். எடுத்த முடிவை எழுதியும் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முத்திரை இருக்கும், அதன் அர்த்தம் ஆளுக்கு ஆள் மாறும்.

இவற்றைவிட ஆழமான சிக்கல் ஒன்று இருக்கிறது. சாம்பார் செய்முறை பாட்டி காலத்திலிருந்து ஒரு வரி மாறவில்லை. ஆனால் போன வாரத்திலிருந்து சாம்பார் பொடி வேறு கடையில் வாங்குகிறோம். ருசி மாறிவிட்டது. செய்முறை நோட்டைப் புரட்டிப் பார்த்து, "இதில் எதுவும் மாறவில்லையே" என்று சொல்வது உண்மைதான், பதில் ஆகாது. வட்டி ஃபங்ஷன் 2015லிருந்து தொடப்படவில்லை என்று தேதி சொல்லலாம். ஆனால் அது கூப்பிடுகிற 'பைசாவை ரூபாயாக முழுமையாக்கு' என்ற குட்டி ஃபங்ஷனை நேற்று ராத்திரி மாற்றியிருந்தால் உங்கள் வட்டி மாறிவிட்டது. எனவே ஒரு ஃபங்ஷனின் தேதியைக் கேட்கிறவர், அது யார் யாரைக் கூப்பிடுகிறது, அவர்கள் தேதி என்ன என்று சங்கிலி முழுவதையும் கேட்க வேண்டும். அதற்கும் ஒவ்வொரு கண்ணியிலும் தேதி இருந்தால்தான் முடியும்.

அடுத்தது கடிகாரம். கம்ப்யூட்டர் கடிகாரம் அரிச்சந்திரன் அல்ல. டாஸ் காலத்து இயந்திரங்களில் பாட்டரி செத்துப்போனால் எழுதுகிற ஃபைலெல்லாம் 1980 ஜனவரி 1 என்று காட்டும். யூனிக்ஸ் வழி வந்த இயந்திரங்கள் 1970 ஜனவரி 1 கிரீன்விச் நேரப்படி நள்ளிரவிலிருந்து விநாடிகளை எண்ணுகின்றன. ஆகவே நேரம் பதிவாகாத ஃபைல் இந்தியாவில் 1970 ஜனவரி 1, காலை 5.30 என்று காட்டும். விடியற்காலையில் எழுந்து யாரும் அதை எழுதவில்லை. அது வெறும் பூஜ்யம். இந்த எண்ணிக்கையை 32 பிட்டில் வைத்திருக்கும் ப்ரோக்ராம்களுக்கு 2038 ஜனவரி 19 செவ்வாய்க்கிழமை, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடியோடு இடம் தீர்ந்துபோகும்.

கடிகாரத்தை வேண்டுமென்றே பின்னால் தள்ளிவைக்கவும் முடியும். முன்தேதியிட்ட பத்திரங்களைப் பார்த்துப் பழகிய தேசத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பரிகாரமும் நம்மிடமே இருக்கிறது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் தேதியை மட்டும் நம்புவதில்லை. ஒவ்வொரு ஆவணத்துக்கும் அந்த வருடத்து வரிசை எண் ஒன்றும் போடுகிறார்கள். 1200க்கும் 1201க்கும் நடுவில் இன்னொரு பத்திரத்தைச் செருக முடியாது. இன்டர்ப்ரெட்டரும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒன்று கூடிக்கொண்டே போகும் எண் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். கடிகாரம் பின்னால் போகலாம். எண் பின்னால் போகாது. ஒரே விநாடியில் இரண்டு மாற்றங்கள் நடந்தாலும் எது முதல், எது இரண்டாவது என்று தெரிந்துவிடும்.

தேதியே வேண்டாம், கைரேகை போதும் என்கிற கட்சியும் உண்டு. இன்றைக்குப் பள்ளிக்கூடங்கள் வரை வந்துவிட்ட பைத்தான் மொழி இதற்கு நல்ல உதாரணம். நீங்கள் எழுதியதைப் பைத்தான் ஒரு இடைநிலை வடிவமாக மாற்றி, தனி ஃபைலில் வைத்துக்கொள்ளும். அதன் தலைப்பில் மூல ஃபைலின் தேதியை எழுதிவைக்கும். அடுத்த தடவை மூலத்தின் தேதி இதோடு ஒத்துப்போனால் பழையதையே உபயோகிக்கும். ஒத்துப்போகாவிட்டால் மறுபடி தயாரிக்கும். இதில் ஒரு தொல்லை. அதே மூலத்தை இரண்டு இடங்களில் தயாரித்தால், ஃபைலின் தேதி வேறாக இருப்பதால் இரண்டு சரக்கும் வேறு வேறாகத் தெரியும். இன்னாருடைய மூலத்திலிருந்துதான் இந்தச் சரக்கு வந்தது என்று ஒப்பிட்டு நிரூபிக்க விரும்புகிறவர்களுக்குத் தேதியே எதிரி. எனவே 2018ல் வந்த பைத்தான் 3.7ல் இன்னொரு வழியும் சேர்த்தார்கள். தேதிக்குப் பதிலாக உள்ளடக்கத்திலிருந்தே ஒரு எண்ணைக் கணக்கிட்டு எழுதலாம். உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும்.

கைரேகை, "இது அதேதானா?" என்ற கேள்விக்குத் தேதியைவிட நல்ல பதில். ஆனால் "எப்போதிலிருந்து?" என்று கேட்டால் கைரேகை ஊமை. வங்கி வாடிக்கையாளருக்கு வேண்டியது இரண்டும்.

இதற்கெல்லாம் 'கிட்' இருக்கிறதே என்று இளைய ப்ரோக்ராமர்கள் சொல்வார்கள். லைனஸ் டோர்வால்ட்ஸ் 2005ல் தொடங்கியது அது. யார், எப்போது, எந்த வரியை மாற்றினார்கள் என்று அழகாகப் பதிந்துவைக்கும். மறுப்பதற்கில்லை. ஆனால் அது ரெக்கார்ட் ரூம். அங்கே கொண்டுவந்து வைத்ததை மட்டும் அது அறியும். நள்ளிரவில் அவசரம் என்று ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தில் நேரடியாக உட்கார்ந்து ஒருவர் ஒரு ஃபங்ஷனை மாற்றி, காலையில் மறுபடி பழையபடி ஆக்கிவிட்டுப் போனால் ரெக்கார்ட் ரூமுக்கு விஷயமே தெரியாது. இரவு பன்னிரண்டிலிருந்து காலை ஆறு வரை எந்தச் சூத்திரம் ஓடியது என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி, அதை ஓட்டிய இன்டர்ப்ரெட்டர்.

இந்திய அரசாங்கத்துக்கு இந்தத் தத்துவத்தில் பாதி பிடிபட்டுவிட்டது. கம்பெனிகள் உபயோகிக்கும் கணக்கு சாஃப்ட்வேர், கணக்குப் புத்தகத்தில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு பதிவு செய்ய வேண்டும், அந்தப் பதிவை யாரும் நிறுத்திவைக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்று 2021ல் கம்பெனி விதிகளைத் திருத்தினார்கள். இரண்டு தடவை தள்ளிப்போடப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஆடிட்டர்களும் அதைப் பார்த்துத் தங்கள் அறிக்கையில் சொல்ல வேண்டும். நல்ல விதி. 'மாற்றத்தைப் பதிவு செய்வதை நிறுத்த முடியாது' என்ற பகுதிதான் அதன் உயிர்.

ஆனால் விதியின் வார்த்தைகள் கணக்கில் எழுதிய தொகை மாறுவதைப் பற்றிப் பேசுகின்றன. தொகையை உண்டாக்கிய சூத்திரம் மாறுவதைப் பற்றியும் அதே கண்டிப்போடு கேட்கலாம். ஒரு பதிவை மாற்றுகிறவர் ஒருவருடைய கணக்கை மாற்றுகிறார். ஒரு ஃபங்ஷனை மாற்றுகிறவர் ஒரே கையசைவில் லட்சம் பேர் கணக்கை மாற்றுகிறார். முன்னவருக்கு முத்திரை கட்டாயம், பின்னவருக்கு இல்லை என்றால் அது வாசலில் பூட்டுப் போட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துவைத்த கதை.

கேட்பதும் பெரிதாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் நான்கு விவரம்: மாறிய நேரம், மாற்றியவர், வரிசை எண், உள்ளடக்கத்தின் கைரேகை. தாராளமாக 100 பைட் என்று வைத்துக்கொண்டாலும் 10,000 ஃபங்ஷன்களுக்கு மொத்தம் பத்து லட்சம் பைட். செல்போனில் பொழுதுபோகாமல் எடுக்கிற ஒரு போட்டோ பல சமயம் இதைவிடப் பெரியது. 1980களில், நினைவகத்தைச் சொட்டுச் சொட்டாகச் செலவழித்த காலத்திலேயே ஏபிஎல்காரர்கள் இதற்கு இடம் ஒதுக்கினார்கள். இன்றைக்கு இடம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

வங்கியிலோ மின்சார வாரியத்திலோ, பில் ஏன் கூடியது என்று கேட்டால் கவுன்ட்டரில் வரும் பதில் நம் எல்லோருக்கும் மனப்பாடம்: "சிஸ்டத்துல அப்படித்தான் வருது சார்." அவரைக் கோபித்துப் பயனில்லை, அவருக்கும் அவ்வளவுதான் தெரியும். "எந்தத் தேதியிலிருந்து அப்படி வருது?" என்று நாம் திருப்பிக் கேட்கும்போது, அவர் ஒரு பட்டனைத் தட்டிப் பதில் சொல்லக்கூடிய நிலை வர வேண்டும்.